ஒரு சிறுநீரக பயாப்சி பிரிவின் மதிப்புரை: ஊசிக்கு முன்னும் பின்னும்

என் தங்கைக்குச் சிறுநீரகத் திசுப் பரிசோதனை, அதாவது கிட்னி பயாப்சி, செய்த ஒரு பெரிய மருத்துவமனையின் நெப்ராலஜி பிரிவைப் பற்றிய மதிப்புரை இது. குறை சொல்ல வேண்டிய இடங்களும் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் எழுதப்போகும் நிறைகுறைகள் எங்கே இந்தப் பரிசோதனைக்குப் போகிறவருக்கும் பொருந்தும் என்பதால், பெயர் இல்லாததால் படிப்பவருக்கு இழப்பு எதுவும் இருக்காது. ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த நான்கில் பெரும்பகுதி ஊசி போடுவதற்கு முன்பு அவர்கள் காட்டிய நிதானத்துக்கு உரியது. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் ஊசி போட்ட அன்றிரவு வார்டில் நடந்தவையும், வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த ஒற்றைத் தாளும்.

இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களிடம் "சின்ன டெஸ்ட்தான், பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்று சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஊசி உள்ளே போய் வெளியே வரும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் அது பொய்யில்லை. ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. அவ்வளவு இரத்தம் பாயும் ஓர் உறுப்பிலிருந்து, அதுவும் முதுகுத் தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் ஓர் உறுப்பிலிருந்து, திசுவை வெட்டி எடுக்கிறார்கள். கையில் இரத்தம் எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடிப்பது போல இங்கே யாரும் அழுத்திப் பிடிக்க முடியாது. கசியும் இரத்தம் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் தேங்கி, அந்தத் தேக்கத்தின் அழுத்தத்தாலும் உடலின் உறைதல் திறனாலும் தானாக நிற்க வேண்டும். ஆகவே, நோயாளியின் உறைதல் திறனையும் இரத்த அழுத்தத்தையும் எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறார்கள், கசிவு தொடர்ந்தால் அதை எவ்வளவு விரைவாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்ற இரண்டையும் வைத்தே ஒரு பயாப்சி பிரிவை எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

தங்கைக்குக் கால் வீக்கம், சிறுநீரில் நுரை, மூட்டு வலி என்று தொடங்கியது. சிறுநீரில் புரதமும் சிவப்பணுக்களும் வெளியேறிக்கொண்டிருந்தன, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 2.3 வரை ஏறியிருந்தது. இரத்தப் பரிசோதனைகள், உடலின் நோயெதிர்ப்பே உடலைத் தாக்கும் லூபஸ் நோயைச் சுட்டின. லூபஸ் என்று தெரிந்த பிறகு பயாப்சி எதற்கு என்று வீட்டில் எல்லாரும் கேட்டோம். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும் விதங்களை ஆறு வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள் என்றும், மூன்றாம், நான்காம் வகையென்றால் நோயெதிர்ப்பை அடக்கும் வலுவான மருந்துகளைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும் என்றும், ஆறாம் வகையென்றால் திசு ஏற்கெனவே தழும்பாகிவிட்டதால் அதே மருந்துகள் சிறுநீரகத்துக்குப் பயன் தராமல் உடம்பை மட்டும் கெடுக்கும் என்றும் மருத்துவர் காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். எந்த வகை என்பதை இரத்தமோ ஸ்கேனோ சொல்லாது. கிடைக்கப்போகும் பயன் இன்னது என்று தெளிவாகத் தெரிந்த பிறகு கேட்கும்போதுதான் ஆபத்து பற்றிய பேச்சை நிதானமாக எடைபோட முடிகிறது. இந்த வரிசையில் பேசியதற்காகவே அந்த மருத்துவரைப் பாராட்டத் தோன்றுகிறது.

முதல் சந்திப்பில் அதிக நேரம் பிடித்தது மருந்துப் பட்டியல்தான். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் உட்கார்ந்து, சீட்டில் எழுதிய மருந்துகளை மட்டுமல்லாமல் கடையில் தாமாக வாங்கிப் போட்ட மாத்திரைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவை, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் குறைக்கும். தட்டணுக்கள் புதிதாக உருவாகி வர நாட்கள் பிடிக்கும் என்பதால் ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினை ஐந்து நாட்கள் முன்பே நிறுத்தி, உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு இறங்கிவிட்டதா என்று பார்க்கிறார்கள். அதே வேலையைச் செய்யும் டபிகட்ரான் என்ற புதிய மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதுபட்டவர் உடம்பில் அது வழக்கத்தைவிட நீண்ட நேரம் தங்கும். தங்கை இவற்றில் எதையும் எடுக்கவில்லை. ஆனால் மூட்டு வலிக்காக ஐபுபுரோஃபென் மாத்திரையை அவ்வப்போது போட்டுக்கொண்டிருந்தாள். அதை ஒரு மருந்தாகவே நாங்கள் யாரும் கருதவில்லை, செவிலியர் "வலி மாத்திரை ஏதாவது, எப்போதாவது?" என்று இரண்டாம் முறையாகக் கேட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. தட்டணுக்களையும் கெடுத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும் மாத்திரை அது. மீன் எண்ணெய் மாத்திரை, மூலிகைப் பொடி, பூண்டுச் சாற்று மாத்திரை வரை அவர் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் பயாப்சிக்காகத் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நிறுத்துவதால் வரும் மாரடைப்பு ஆபத்து, இரத்தக் கசிவு ஆபத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். அது இதய மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஆஸ்பிரினை நிறுத்தாமலேயே பயாப்சி செய்யும் மையங்களும் உண்டு.

இரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை, உறையும் நேரம், ஹீமோகுளோபின், யூரியா எல்லாம் பார்த்தார்கள். இரத்த வகையைக் கண்டறிந்து, தேவைப்பட்டால் ஏற்றுவதற்கு இரத்தம் தயாராக இருக்கும்படி மாதிரியையும் அனுப்பி வைத்தார்கள். லூபஸ் நோயாளிகளில் சிலருக்கு உறையும் நேரம் சோதனையில் நீண்டதாகக் காட்டும். ஆனால் உடம்புக்குள் அவர்களுக்கு இரத்தம் எளிதில் உறைந்து அடைக்கும் போக்கே இருக்கும். இதற்குக் காரணமான எதிர்ப்பொருளையும் சோதித்தது இந்தப் பிரிவின் நுணுக்கத்துக்கு ஓர் அடையாளம். சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கிறதா என்று கல்ச்சர் வைத்தார்கள். தொற்று இருக்கும்போது ஊசி போட்டால் கிருமியை உள்ளே பரப்பிவிடும் அபாயம் உண்டு. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் இருக்கின்றனவா, அளவு என்ன, அடைப்பால் வீங்கியிருக்கிறதா, நீர்க்கட்டிகளோ கட்டியோ உள்ளதா என்று பார்த்தார்கள். இரண்டும் சுருங்கி, ஒன்பது சென்டிமீட்டருக்கும் கீழே போயிருந்தால் பெரும்பாலும் பயாப்சியே செய்வதில்லை. ஆபத்து கூடும், கிடைக்கும் திசுவிலோ தழும்பைத் தவிர வேறொன்றும் இருக்காது.

குறித்த நாளில் காலையில் போய்ச் சேர்ந்தோம். இரத்த அழுத்தம் 164/98 இருந்தது. படுக்க வைத்து, அமைதியாக இருக்கச் சொல்லி, மறுபடியும் பார்த்தார்கள், பெரிதாக இறங்கவில்லை. மருத்துவர் வந்து, இன்று செய்ய வேண்டாம், அழுத்த மாத்திரையைக் கூட்டித் தருகிறேன், இறங்கிய பிறகு செய்யலாம் என்று சொல்லிவிட்டார். விடுப்பு எடுத்து, குழந்தைகளை உறவினர் வீட்டில் விட்டு, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வந்த குடும்பத்துக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. பக்கத்துப் படுக்கையில் இருந்தவரின் உறவினர்கூட, வேறு இடமாக இருந்தால் ஒரு மாத்திரையை நாக்கின் கீழ் வைத்து அப்போதே முடித்திருப்பார்கள் என்றார். என் மதிப்பீட்டில் அந்த மருத்துவமனை எங்களுக்குச் செய்த மிகப் பெரிய சேவை அன்றைய மறுப்புதான்.

ஏன் என்பதற்கு எண்களே சாட்சி. 34 ஆய்வுகளில் இருந்த 9474 பயாப்சிகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஓர் அலசல் உண்டு. நோயாளிகளின் சராசரி மேல் அழுத்தம் 130-க்குக் கீழே இருந்த ஆய்வுகளில் இரத்தம் ஏற்ற வேண்டி வந்தவர்கள் 0.1 விழுக்காடு, 130-உம் அதற்கு மேலும் இருந்த ஆய்வுகளில் 1.4 விழுக்காடு. சராசரி கிரியாட்டினின் 2-க்குக் கீழ் இருந்த ஆய்வுகளில் 0.4, 2-உம் அதற்கு மேலும் இருந்தவற்றில் 2.1. சராசரி ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்த ஆய்வுகளில் 2.6, குறையாதவற்றில் 0.5. பெண்கள் அதிகமாக இருந்த ஆய்வுகளிலும் சராசரி வயது நாற்பதும் அதற்கு மேலும் இருந்த ஆய்வுகளிலும் ஆபத்து கூடுதல் என்றும் அதே அலசல் காட்டியது. தங்கையின் ஹீமோகுளோபின் 10.8. வயது, பாலினம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின், அழுத்தம் என்று எல்லா வரிசையிலும் அவள் ஆபத்துப் பக்கத்தில்தான் நின்றாள். இவற்றில் வயதையும் பாலினத்தையும் மாற்ற முடியாது. கிரியாட்டினினை அந்த நோய்க்குச் சிகிச்சை தொடங்காமல் இறக்க முடியாது. சில நாட்களில் மாற்றக்கூடியதாக இருந்த ஒரே ஒன்று இரத்த அழுத்தம். அந்த ஒன்றை மாற்றாமல் ஊசியைத் தொட மாட்டேன் என்று ஒரு மருத்துவர் சொன்னால் அவரை நம்பலாம். நோய் வேகமாக முற்றிக்கொண்டிருந்தால் காத்திருப்பதும் ஆபத்துதானே என்று நான் கேட்டேன். அதற்காகத்தான் ஸ்டீராய்டை இப்போதே தொடங்குகிறோம், சில நாள் மருந்தால் திசுவில் தெரிய வேண்டியது மறைந்துவிடாது என்று பதில் சொன்னார்.

ஒப்புதல் பெற்ற விதத்தில் பாதி சிறப்பு, பாதி குறை. பேச்சு சிறப்பாக இருந்தது. 2020-இல் வெளியான, 87 ஆய்வுகளையும் 1,18,064 பயாப்சிகளையும் சேர்த்துப் பார்த்த இன்னொரு பெரிய தொகுப்பின் எண்களை மருத்துவர் நினைவிலிருந்தே சொன்னார்: சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தக்கட்டு 11 விழுக்காட்டினருக்கு, வலி 4.3, கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீரில் இரத்தம் 3.5, இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை 1.6, கசிவை நிறுத்தத் தனியாக ஒரு செயல்முறை 0.3, இறப்பு 0.06 விழுக்காடு. "பத்தாயிரம் பேரில் ஆறு பேர்" என்று கடைசி எண்ணை அவரே பிரித்துச் சொன்னதும், அந்த இறப்புகள் பெரும்பாலும் ஏற்கெனவே மோசமான நிலையில் மருத்துவமனையில் கிடந்தவர்களுக்கு நேர்ந்தவை என்று மறைக்காமல் விளக்கியதும் தங்கைக்குப் பயத்தைக் கூட்டவில்லை, குறைத்தன. ஆனால் கையெழுத்துக்கு நீட்டிய படிவம் வேறு மாதிரி. எல்லா அறுவைச் சிகிச்சைகளுக்கும் பொதுவாக அச்சடித்த, சிறுநீரகம் என்ற சொல்லே இல்லாத ஒரு தாள் அது. அதுவும் உடை மாற்றி ஸ்ட்ரெச்சரில் ஏறிய பிறகு வந்தது. முந்தைய நாளே கொடுத்திருந்தால் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்டிருப்பாள். வாயால் அவ்வளவு நேர்மையாகச் சொன்ன ஒரு பிரிவு, எழுத்தில் இவ்வளவு அலட்சியமாக இருப்பது பொருந்தவில்லை.

முதுகு வழியாக ஊசி போட முடியாதவர்களுக்கு மாற்று வழி உண்டு என்பதையும் அவர் சொல்லி வைத்தார். உறைதல் கோளாறைச் சரிசெய்ய முடியாதவர்களுக்குக் கழுத்துச் சிரை வழியாகக் குழாயைச் செலுத்திச் சிறுநீரகத்தின் உள்பக்கத்திலிருந்து திசு எடுப்பார்கள். கசிந்தாலும் பெரும்பாலும் இரத்தம் இரத்தக்குழாய்க்குள்ளேயே திரும்பும். ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கு முன்பெல்லாம் திறந்த அறுவைச் சிகிச்சைதான் என்று இருந்தது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போடும் முறை வந்த பிறகு அந்தக் கட்டாயம் தளர்ந்திருக்கிறது.

இரண்டாம் முறை போனபோது அழுத்தம் 128/80. யூரியா கூடுதலாக இருப்பவர்களின் தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தாலும் வேலை செய்யாது என்பதால், ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பு டெஸ்மோபிரசின் மருந்தைச் செலுத்தினார்கள். இரத்தக்குழாய்ச் சுவரில் சேமித்து வைத்திருக்கும் உறைதல் புரதத்தை வெளியே விடச் செய்யும் மருந்து அது. 2011-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் இதைப் போட்டவர்களில் 13.7 விழுக்காட்டினருக்கும் போடாதவர்களில் 30.5 விழுக்காட்டினருக்கும் கசிவு காணப்பட்டது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் சிறுநீரகம் ஓரளவு நன்றாக இயங்கியவர்கள் என்பதால், தங்கை போன்றவர்களுக்கு அதே அளவு பயன் என்று உறுதி கூற முடியாது என்றும் மருத்துவர் சேர்த்துச் சொன்னார். இந்த மருந்து உடம்பில் நீரைத் தேக்கி இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். ஆகவே அன்று தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும்.

ஊசி போடும் அறையில் உறவினரை அனுமதிக்கவில்லை. தங்கை சொன்னதையும், கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்ததையும் எழுதுகிறேன். வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஸ்கேன் கருவியால் இடப்பக்கச் சிறுநீரகத்தின் கீழ்முனையைத் தேடி, தோலில் மையால் குறியிட்டார்கள். பெரிய இரத்தக்குழாய்கள் சிறுநீரகத்தின் நடுப்பகுதி வழியாக நுழைவதால் கீழ்முனைதான் பாதுகாப்பு. இடப்பக்கம் என்றால் கல்லீரலும் குறுக்கே வராது. மூச்சை இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை அங்கேயே சிலமுறை செய்ய வைத்தார்கள். மூச்சோடு சேர்ந்து சிறுநீரகமும் மேலும் கீழும் நகரும். ஊசி நுனி உள்ளே இருக்கும்போது நோயாளி மூச்சு விட்டால் உறை கிழிந்துவிடக்கூடும். அதனால்தான் மூச்சைப் பிடிக்க முடியாதவர்களும், சொன்னதைப் புரிந்து ஒத்துழைக்க முடியாத நிலையில் இருப்பவர்களும் ஆபத்துப் பட்டியலில் வருகிறார்கள். மரத்துப்போகும் மருந்தைத் தோலிலிருந்து சிறுநீரக உறை வரை செலுத்திய பிறகு, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே 16 கேஜ் ஊசியை இறக்கினார்கள். "அக்கா, வலியைவிட அந்தச் சத்தம்தான் திக்குன்னு இருந்துச்சு, கதவுத் தாழ்ப்பாள் விழற மாதிரி" என்றாள். சத்தம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஒருமுறை ஊசியைக் காற்றில் இயக்கிக் காட்டியிருந்தால் அந்தத் திடுக்கிடலும் இருந்திருக்காது.

ஊசியின் கேஜ் எண் குறையக் குறைய அதன் தடிமன் கூடும். 14 கேஜ் ஊசி போட்டவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் அதைவிட மெல்லியதைப் போட்டவர்களில் 0.5 விழுக்காட்டினருக்கும் இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது என்று முன்சொன்ன 2012 அலசல் கூறுகிறது. மெல்லிய 18 கேஜ் ஊசியில் திசு குறைவாக வரும். போதவில்லை என்றால் மறுபடியும் குத்த வேண்டும், சில சமயம் நோயே தெரியாமல் போகும். 16 என்பது பலரும் ஏற்றுக்கொண்ட நடுவழி. இங்கே எனக்கு மிகவும் பிடித்தது, ஆய்வக உதவியாளர் ஒருவர் நுண்ணோக்கியோடு அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததுதான். வெளியே வந்த திசு, உப்புநீரில் மிதக்கும் ஒரு வெளிறிய நூல் துண்டு போல இருந்ததாம். அதில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும் குளோமெருலஸ் முடிச்சுகள், அதாவது இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்ச் சுருள்கள், இருக்கின்றனவா என்று அவர் உடனுக்குடன் பார்த்துச் சொன்னார். இரண்டாவது துண்டோடு போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். அப்படிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத இடங்களில் எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகக் குத்துவார்கள், அல்லது வெறும் தசையை அனுப்பிவிட்டு நோயாளியை மறுபடி வரச் சொல்வார்கள்.

பிறகு மல்லாந்து படுக்கச் சொல்லி, காயத்தின் மேல் தன் எடையே அழுத்தும்படி ஆறு மணி நேரம் அசையாமல் இருக்க வைத்தார்கள். முதல் சில மணி நேரம் கவனிப்பு குறையே சொல்ல முடியாதபடி இருந்தது. கால் மணிக்கு ஒருமுறை நாடித்துடிப்பும் அழுத்தமும் பார்த்தார்கள்; பிறகு அரை மணிக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறை கழித்த சிறுநீரையும் தனித்தனி ஒளிபுகும் டப்பாவில் எடுத்து, நேரத்தை எழுதி, ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தார்கள். நிறம் கூடுகிறதா குறைகிறதா என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் அந்த வரிசையே காட்டிவிடும். முதல் டப்பா வைக்கோல் நிறம்; இரண்டாவது இளஞ்சிவப்பு; மூன்றாவது தேநீர் நிறம். நான் பதறிப்போனேன். செவிலியர் உடனே மருத்துவரை அழைத்தார். ஸ்கேனில் சிறுநீரகத்தின் வெளிப்பக்கம் மூன்று சென்டிமீட்டர் அளவில் ஓர் இரத்தக்கட்டு தெரிந்தது. நாடியும் அழுத்தமும் மாறவில்லை என்பதால் பார்த்துக்கொண்டிருப்போம் என்றார்கள். மறுநாள் சி.டி. எடுத்துப் பார்த்தால் பயாப்சி செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறிய இரத்தக்கட்டு இருக்கும் என்பதும், எந்தச் சிக்கலும் இல்லாதவர்களுக்கே ஹீமோகுளோபின் ஒரு புள்ளி வரை இறங்கும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது.

இரவுப் பணி மாறியதும் நிலைமை மாறியது. வார்டு உதவியாளர் ஒருவர் வந்து, "நிறையத் தண்ணி குடிங்கம்மா, அப்பதான் ரத்தம் கட்டிக்காம வெளிய போகும்" என்று ஒரு பெரிய பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். பொதுவாகப் பயாப்சிக்குப் பிறகு சொல்லப்படும் அறிவுரைதான் அது. சிறுநீர்ப்பையில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் குழாய் செலுத்திக் கழுவ வேண்டி வரும். ஆனால் டெஸ்மோபிரசின் போட்டவருக்கு அதே அறிவுரை ஆபத்து. பகலில் கேட்டிருந்ததால் தங்கை குடிக்காமல் மருத்துவரிடம் கேட்டுவிட்டாள். கேட்கத் தெரியாத ஒருவர் குடித்திருப்பார். படுக்கைத் தலைமாட்டில் 'தண்ணீர் அளவோடு' என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தால் தீர்ந்திருக்கும் பிரச்சினை. அதோடு, குறித்த நேரத்துக்குள் பார்க்க வேண்டிய அழுத்தத்தை நள்ளிரவுக்குப் பிறகு நான் போய் நினைவூட்டிய பிறகே பார்த்தார்கள். அழைப்பு மணியின் பொத்தானோ, அசையக் கூடாது என்று படுக்க வைத்த நோயாளிக்கு எட்டாத சுவரில் இருந்தது.

இதை நான் சிறிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. 750 பயாப்சிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, எட்டு மணி நேரத்தோடு நோயாளியை அனுப்பிவிட்டால் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு கண்ணில் படாமலேயே போய்விடும் என்றும், 24 மணி நேரம் வரை கவனிப்பதே உகந்தது என்றும் முடிவுக்கு வந்தது. பகலில் ஊசி போட்டால் அந்த மூன்றில் ஒரு பங்கு தலைகாட்டும் நேரம், ஆட்கள் குறைவாக இருக்கும் இரவுதான். காலையில் போய் மாலையில் திரும்பும் ஏற்பாடு ஆபத்துக் காரணிகள் இல்லாதவர்களுக்குப் பல மையங்களில் நடக்கிறது. அழுத்தமும் கிரியாட்டினினும் சரியாக இருந்து, வீடும் பக்கத்தில் இருந்தால் அதில் தவறில்லை. தங்கை போன்றவர்களை இரவு தங்க வைத்தது சரியான முடிவு; ஆனால் தங்க வைத்தால் மட்டும் போதாது, பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

நாடி எகிறி அழுத்தம் விழத் தொடங்கினால் என்ன செய்வார்கள் என்பதைப் பயாப்சிக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளும்படி எல்லாருக்கும் சொல்வேன். இரத்தம் ஏற்றியும் நிற்காத கசிவுக்கு, தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் கிளையை மட்டும் அடைத்துவிடும் எம்போலைசேஷன் முறை இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இரவிலும் கிடைப்பார்களா என்பதுதான் கேள்வி. இந்த மருத்துவமனையில் கிடைப்பார்கள். பணியில் இருப்பவரின் பெயரை எழுதிய பலகையையே காட்டினார்கள். அந்த வசதி இல்லாவிட்டால் சிறுநீரகத்தையே அகற்ற வேண்டிய நிலைகூட, மிக அரிதாகத்தான் என்றாலும், வரலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் மருந்துகளின் பெயரும் அடுத்த சந்திப்புத் தேதியும் மட்டுமே இருந்தன. ஒன்றிரண்டு வாரங்களுக்குக் கனமான பொருளைத் தூக்கக் கூடாது, ஓட்டமும் குதிப்பும் வேண்டாம், வலி மாத்திரை கூடாது என்று வாயால் சொன்னார்கள். கசிவு நாட்கள் கழித்தும் வரக்கூடும் என்பதால், சிறுநீர் மறுபடி சிவந்தாலோ, கட்டிகளாக வந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, விலாப்பக்கம் வலி கூடினாலோ, தலைசுற்றினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும் என்பதும், இரவில் அழைக்க வேண்டிய எண்ணும் அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டும். மாதங்கள் கழித்துத் தெரியக்கூடிய இரண்டு பற்றியும் நானாகக் கேட்ட பிறகே விளக்கினார்கள். ஊசி போன வழியில் ஒரு தமனியும் சிரையும் ஒட்டிக்கொண்டு நேரடி இணைப்பு உண்டாகலாம். பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், மூடாமல் பெரிதானால் அழுத்தம் ஏறும், சிறுநீரில் இரத்தம் வரும். உறைக்கு அடியில் தேங்கிய இரத்தம் சிறுநீரகத்தை நெருக்கினால், தனக்கு இரத்தம் போதவில்லை என்று எண்ணி அது சுரக்கும் ரெனின் அழுத்தத்தை ஏற்றிவிடும். 1939-இல் விலங்கின் சிறுநீரகத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றி இதைக் காட்டிய இர்வைன் பேஜ் என்பவரின் பெயரால் அதைப் பேஜ் சிறுநீரகம் என்கிறார்கள். காரணம் தெரியாமல் அழுத்தம் ஏறினால், முன்பு பயாப்சி செய்துகொண்டதைப் புதிய மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தங்கைக்கு மறுநாள் காலைக்குள் சிறுநீர் தெளிந்துவிட்டது, ஹீமோகுளோபின் 10.1-இல் நின்றது, இரத்தம் ஏற்றவில்லை. சாதாரண நுண்ணோக்கி அறிக்கையும் ஒளிரும் சாயப் பரிசோதனை அறிக்கையும் முதலில் வந்தன, எலெக்ட்ரான் நுண்ணோக்கி அறிக்கை தாமதமாக வந்தது. நான்காம் வகை லூபஸ். திசுவில் தழும்பு குறைவு, வீக்கம் அதிகம், அதாவது மருந்துக்கு இணங்கக்கூடிய நிலை என்று எழுதியிருந்தார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மைக்கோஃபினோலேட்டும் ஸ்டீராய்டும் தொடர்கின்றன, கிரியாட்டினின் இறங்கி வருகிறது.

உயர் அழுத்தமோ, கூடிய கிரியாட்டினினோ, இரத்தசோகையோ உள்ளவர்கள் இந்தப் பிரிவை நம்பிப் போகலாம் என்றே சொல்வேன். ஆபத்து உள்ளவரை ஆபத்து உள்ளவராகவே நடத்துகிறார்கள். ஒப்புதல் படிவத்தை முந்தைய நாளே கேட்டு வாங்குங்கள், அழைப்பு மணியை நோயாளியின் கைக்கு எட்டும்படி இழுத்துக் கட்டச் சொல்லுங்கள், இரவில் விழித்திருக்கக்கூடிய ஒருவர் துணைக்கு இருங்கள். எச்சரிக்கை அறிகுறிகளை அச்சடித்துத் தரும்படி நான் எழுதிக் கொடுத்த கோரிக்கைக்கு, அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகப் பிரிவின் தலைமைச் செவிலியர் கையெழுத்திட்டுப் பதில் தந்திருக்கிறார். புதிய தாளை அடுத்த முறை போகும்போது கேட்டுப் பார்த்துவிட்டு, இருந்தால் குறைத்த நட்சத்திரத்தில் பாதியைச் சேர்த்துவிடுவேன். மீதிப் பாதி இரவு வார்டைப் பொறுத்தது.